வரிசையைக் கலைத்த வான்கோழிச் சோற்றுக் கடை

ஏழை என்று பேரெடுக்க லியாவ் தியென்-ஃபூ உழைத்த அளவுக்குத் தைவானின் சியாயீ நகரத்தில் வேறு எவரும் உழைத்ததில்லை. விடிவதற்குள் வான்கோழியை அவித்து, சதையை நார் நாராகக் கிழித்து, சின்ன வெங்காயத்தை வான்கோழிக் கொழுப்பிலேயே பொரித்துச் சுடுசோற்றின் மேல் ஊற்றித் தருவது அவருடைய தொழில். அது காலை வேலை. அந்தச் சோறு விற்கவே இல்லை என்று காட்டிக்கொள்வதுதான் மீதி நாளெல்லாம் அவர் பார்த்த வேலை.

மாதத்துக்கு இரண்டு லட்சம் யுவானுக்குக் கீழே விற்கும் சின்னக் கடைக்கு அரசாங்க ரசீது போடும் தொல்லை கிடையாது. வரி அலுவலகமே ஒரு குத்துமதிப்பு போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூற்றுக்கு ஒன்று என்று சீட்டு அனுப்பிவிடும். அதைத் தாண்டினால் ரசீது மெஷின் வாங்க வேண்டும், கிண்ணத்துக்கு ஒரு ரசீது கிழிக்க வேண்டும், நூற்றுக்கு ஐந்து கட்ட வேண்டும். அந்த ரசீது எண்ணுக்கு அரசாங்கமே பரிசுக் குலுக்கல் நடத்துவதால், ரசீது தராத கடைக்காரனை ஜனங்கள் சும்மா விடுவதும் இல்லை.

குத்துமதிப்பை அலுவலர் எதிலிருந்து போடுவார்? எதிர் நடைபாதையில் நின்று பார்த்துத்தான். முக்காலி எத்தனை, ஆள் எத்தனை, வாசலில் வரிசை எவ்வளவு நீளம். அதனால் மற்ற கடைக்காரர்கள் ஈ ஓட்ட நேருமோ என்று பயந்தபோது, லியாவ் வரிசை சேர்ந்துவிடுமோ என்று பயந்தார்.

பயத்தோடு நிற்காமல் காரியத்திலும் இறங்கினார். பெயர்ப் பலகையைக் கழற்றினார். பாதி முக்காலிகளை மாடிக்கு ஏற்றினார். வாசலில் நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் கரண்டியோடு வெளியே வருவார்.

“இங்க நிக்காதீங்க. பக்கத்து டீக்கடை வாசல்ல போய் நில்லுங்க. சோறு ரெடியானா நானே கூப்பிடறேன்.”

பெயர்ப் பலகை இல்லாத கடை, விரட்டுகிற முதலாளி என்றதும் ஊரில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இவ்வளவு திமிர் இருந்தால் சோறு அபாரமாகத்தான் இருக்கும். தைப்பேயிலிருந்துகூடத் திட்டு வாங்கிச் சாப்பிட வந்தார்கள். இப்படி ஒரு சோதனை எந்த நேர்மையான வரி ஏய்ப்பாளனுக்கும் வரக்கூடாது.

பக்கத்துக் குளிர்டீக்கடை யீ-ஹானுடையது. முப்பதுகூட ஆகாத பெண். கடை திறந்த முதல் நாளிலிருந்து டம்ளருக்கு டம்ளர் ரசீது கொடுத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் லியாவ் கரண்டியை வைத்துவிட்டு வந்துவிடுவார்.

“ஏம்மா, ஒரு டம்ளர் டீக்கு ஒரு ரசீதா? படிச்ச பொண்ணுதானே நீ?”

“குலுக்கல் இருக்குன்னு ஜனங்க ஆசையா வர்றாங்கண்ணே.”

“ஜனங்க வருவாங்க. பின்னாடியே வரி ஆபீசும் வரும்.”

“வரட்டும்ண்ணே. அவங்களுக்கும் ஒரு டீ ஊத்தித் தரேன். ரசீதோட.”

திருந்தாத ஜென்மம் என்று லியாவ் விட்டுவிட்டார். கேட்க ஆசைப்பட்டவர்களுக்கோ அவர் அறிவை மறைத்ததே இல்லை. சந்தையில் மீன் விற்பவரும் மூங்கில் குருத்து விற்பவரும் சாப்பிட வந்தால் நிதி நிர்வாகம் சோற்றோடு இலவசம். “கடைக் காசு, வீட்டுக் காசுன்னு ரெண்டு டப்பா வெக்காதே. எல்லாம் ஒரே டப்பா. கோழிக்காரனுக்கும் அதுலதான், பிள்ளைங்க ஃபீஸும் அதுலதான், கோயில் திருவிழாவுக்கும் அதுலதான். மாசம் என்ன சம்பாதிக்கிறேன்னு உனக்கே தெரியாதுல்ல? அப்புறம் ஆபீஸ்காரனுக்கு எப்படித் தெரியும்?” கணக்கு எழுதினால்தான் கணக்கில் தப்பு வரும் என்பது அவருடைய அடுத்த உபதேசம். வங்கியில் போடாதே என்பது மூன்றாவது. மிச்சமான பணத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெரிய குளிர்ப்பெட்டியில் வான்கோழிகளுக்கு அடியில் அடுக்கியிருந்தார். வட்டி கிடைக்காவிட்டாலும் கெட்டுப்போகாது அல்லவா?

மனைவி பீ-யுன் மட்டும் இந்த உபதேசத்தில் மயங்கவில்லை. “வரியக் கட்டிட்டு நிம்மதியாத் தூங்கலாமே” என்பாள். “தூங்கினா கடைய யாரு பாக்கறது?” என்பார் அவர்.

அந்தக் கோடையில் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரி ஷி அம்மாள் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

“தியென்-ஃபூ, நான் மகன் வீட்டோட போறேன். கடைய விக்கப்போறேன். எம்பது லட்சம். இருபத்திரண்டு வருஷமா நீ இருக்கிற இடம், அதனால உனக்குத்தான் முதல் பேச்சு. நிலாப் பண்டிகை வரைக்கும் காத்திருப்பேன். அப்புறம் யாரு கேட்டாலும் குடுத்துடுவேன்.”

அந்த மூலைக் கடைதான் லியாவுக்குச் சோறு. வேறொருவர் வாங்கி வெளியேற்றினால், பெயரே இல்லாத கடையை ஜனங்கள் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவார்கள்? குளிர்ப்பெட்டியைக் குடைந்து எண்ணினார். முப்பது லட்சம் தேறியது. மீதியை வங்கியில் கடன் வாங்கிவிடலாம் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். மேசைமேல் வைத்த பனி பிடித்த பணப் பையைச் சுற்றிச் சீக்கிரமே ஒரு சின்னக் குளம் கட்டியது.

கடன் பிரிவு வெய், வாரத்துக்கு மூன்று நாள் லியாவ் கடையில் சாப்பிடுகிறவர். காகிதங்களைப் பார்த்தார், லியாவைப் பார்த்தார், மறுபடி காகிதங்களைப் பார்த்தார்.

“முதலாளி, உங்க வரிச் சீட்டுப்படி மாசம் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு விக்குது. கோழி, அரிசி, கேஸு, வாடகை எல்லாம் போக இருபதாயிரம் நின்னா அதிகம். வீட்ல எத்தன பேரு?”

“நாலு பேரு.”

“இருபதாயிரத்துல நாலு பேரு சாப்பிட்டு, ரெண்டு பிள்ளைங்களப் படிக்க வெச்சு, முப்பது லட்சம் மிச்சம் புடிச்சிருக்கீங்க.”

“சிக்கனம்.”

“இதுக்குப் பேரு பட்டினிங்க.”

லியாவ் குரலைத் தாழ்த்தினார். “காகிதத்த விடுங்க தம்பி. வியாபாரம் எப்படின்னு நீங்கதான் நேர்லயே பாக்கறீங்களே?”

“நான் எங்க பாத்தேன்? என்னைய எப்பவும் டீக்கடை வாசல்லதானே நிக்க வெச்சீங்க?”

கடன் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கத்தினார். பீ-யுன் ஈர நோட்டுகளைத் துண்டில் பரப்பிக் காயவைத்துக்கொண்டே கேட்டாள்: “இருபது வருஷமா நாம பரம ஏழைங்கன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. இன்னிக்கு ஒருத்தன் நம்பிட்டான். அதுக்குப் போய்க் கோவிச்சுக்கிறீங்களே?”

அன்றிரவு லியாவ் சாப்பிடவில்லை. பட்டினி காகிதத்திலிருந்து இறங்கி முதல்முறையாக வீட்டுக்கே வந்தது.

காட்டாத கணக்குக்குக் கடன் வராது என்று சொல்லி, மறுநாள் பீ-யுன் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக வரி அலுவலகத்துக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்த பெண் அலுவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: “புகாரா? யார் மேல?”

“என் மேலதான்” என்றார் லியாவ்.

அலுவலர் பேனாவை மூடினார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். இந்த மாதிரிச் செய்தியை ஒருவராகக் கேட்டால் நம்ப முடியாது போலிருக்கிறது. நாங்கள் தேடி வருமுன் நீங்களாகவே வந்ததால் அபராதம் கிடையாது, போன ஐந்து வருடத்துப் பாக்கியும் வட்டியும் கட்டினால் போதும் என்றார்கள். வட்டி என்ற சொல்லை அதுவரை வாங்குகிற பக்கத்தில்கூடக் கேட்டிராதவர் லியாவ். முப்பது லட்சம் இருபத்தொன்றாகச் சுருங்கியது.

கடையில் மெஷின் வந்து உட்கார்ந்தது. முக்காலிகள் மாடியிலிருந்து இறங்கின. யாரையும் விரட்டவில்லை. வரிசை மூலை திரும்பி, சைக்கிள் கடையைத் தாண்டிப் போனது. லியாவ் ரசீதுக் கட்டோடு மறுபடி வங்கிக்கு ஓடினார். வெய் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

“பிரமாதம் முதலாளி. இதே மாதிரி ரெண்டு வருஷம் கொண்டு வாங்க.”

நிலாப் பண்டிகைக்கு அப்போது இரண்டு வாரம் இருந்தது.

பண்டிகை முடிந்த மறுநாள், விற்பனை முடிந்து அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது யீ-ஹான் வந்தாள். கையில் மூன்று டீ. முகத்தில் கொஞ்சம் தயக்கம்.

“அண்ணே, இந்தக் கடைய நான் வாங்கிட்டேன். உங்களுக்குக் குடுத்த நாள் தாண்டட்டும்னுதான் காத்திருந்தேன்.”

லியாவ் துணியைக் கீழே போட்டார். “உனக்கு எப்படிம்மா கடன் குடுத்தாங்க? டீ விக்கிற கடைக்கு?”

“ஆறு வருஷக் கணக்கு இருக்குல்லண்ணே. மத்தியானம் விக்கிறதுதான் எனக்கு ஜாஸ்தி. நீங்க அனுப்பற ஆளுங்க வெயில்ல சும்மா நிக்க முடியுமா? ஆளுக்கு ஒரு டீ வாங்கிருவாங்க.”

லியாவ் டீக்கடை வாசலைப் பார்த்தார். கரண்டியோடு வெளியே வந்து வந்து, கையை நீட்டி நீட்டி அவர் அனுப்பிய ஒவ்வொருவரும் கண்முன் நடந்து போனார்கள்.

“எங்கள எப்பம்மா காலி பண்ணச் சொல்றே?” என்று பீ-யுன்தான் கேட்டாள்.

“யாருக்கா காலி பண்ணச் சொன்னா? நீங்க போயிட்டா என் டீய யாரு குடிப்பாங்க? பழைய வாடகையே குடுங்க. ஆனா பத்திரம் போட்டு, முழுத் தொகையும் எழுதித்தான் வாங்குவேன்.”

“அஞ்சு வருஷத்துக்கு எழுதும்மா. அதுக்குள்ள வித்தா எங்களத்தான் முதல்ல கேக்கணும், அதையும் சேத்து எழுது” என்றாள் பீ-யுன்.

“எழுதிட்டாப் போச்சுக்கா.”

பத்திரம் எழுதும் நாளில் லியாவ் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துத் தலையாட்டினார். மனிதர் திருந்திவிட்டாரோ என்று பீ-யுன்கூடக் கொஞ்சம் பயந்துபோனாள். பேனாவைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

“தங்கச்சி, இப்ப நான் கணக்கு காட்டுற கடைக்காரன். வாடகை எனக்குச் செலவு. செலவு கூடுனா வரி குறையுமாமே? ஒரு ரெண்டாயிரம் மட்டும் கூட்டி எழுதேன்.”

“தாராளமா எழுதறேண்ணே. ரெண்டாயிரம் கூட்டிக் குடுங்க.”

லியாவ் இன்னொரு யோசனை சொல்ல வாயெடுத்தார். பீ-யுன் அவர் விரல்களிலிருந்து பேனாவை உருவி, தன் பெயரில் கையெழுத்துப் போட்டு, தாளை யீ-ஹான் பக்கம் நகர்த்தினாள்.