முந்நூறு ஓம் ஹெட்போன்

கீரனூரில் ஒரு பஸ், புதுக்கோட்டையில் ஒன்று, அறந்தாங்கியில் ஒன்று. ஜெகதாப்பட்டினத்தில் இறங்கும்போதே முதுகு விட்டுப்போயிருக்கும். அந்த வாரம் முழுக்க இப்படித்தான் போய் வந்தேன். வீடு வீடாக ஏறி, உங்கள் காதில் ஒன்றுமில்லை, என் ஹெட்போன்தான் சரியில்லை, நான் கொடுத்த சீட்டைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்லுகிற வேலை. எந்த ஆராய்ச்சி மாணவிக்கும் வரக்கூடாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், எஞ்சின் இரைச்சலும் இருக்காது. அதனால் அந்த நாட்களில்தான் படகில் போகிறவர்களின் காதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். டேப்லெட்டில் செருகிய ஹெட்போனை மாட்டிவிட்டு மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பாதியில் ஹெட்போன் வயர் உப்புக்காற்றில் அரித்துப் போய்விட்டது. திருச்சியில் எங்கள் ஆய்வக அலமாரியில் இன்னொன்று இருந்தது. பாட்டு ரெக்கார்டிங் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற பெரிய சாமான், காதை முழுசாக மூடும். துறைமுகத்துக்கு இதைவிட நல்லது ஏது என்று தூக்கிக்கொண்டு போனேன். வயர் முனையின் பின் டேப்லெட்டில் பொருந்தியது, சத்தம் வந்தது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

பழையதின் மின்தடை முப்பது ஓம், இதற்கு முந்நூறு. பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. படித்தேன், படித்துவிட்டு மூடி வைத்தேன். டேப்லெட்டிலிருந்து வரும் கொஞ்சம் மின்னழுத்தம் முந்நூறு ஓமுக்கு எந்த மூலைக்கு? அரை எச்.பி. மோட்டாரை ஆழமான போர்வெல்லில் இறக்கிவிட்டு, தண்ணீர் வரவில்லையே என்று நிலத்தைத் திட்டுவது போலத்தான். திரை காட்டிய அளவைவிடக் காதுக்குப் போன ஒலி ரொம்பக் குறைவு. ஹெட்போன் மாற்றிய நாளிலிருந்து என் முன்னால் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் காது மந்தம் என்று எழுதிக் கொடுத்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடக்கிறவர்கள், காது போகத்தானே செய்யும் என்று எனக்கு நானே விளக்கம் வேறு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தடைக்காலம் முடிந்து சில மாதம் கழித்து, ஆய்வகத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அதை என் காதிலேயே மாட்டிப் பார்த்தேன். எனக்கும் காது மந்தம் என்றது.

“ஹெட்போன் மாத்தினப்ப ஒலி எவ்வளவு வருதுன்னு அளந்து பாத்தீங்களா?” என்று கேட்டார் என் வழிகாட்டிப் பேராசிரியை.

“சத்தம் வந்துச்சு மேடம்.”

அவர் திட்டக்கூட இல்லை. “அந்த ரீடிங்கையெல்லாம் நீக்கிடுங்க. முடிஞ்சுது” என்றார். ரீடிங்கை நீக்கிவிடலாம். சீட்டு அவர்கள் கையில் அல்லவா இருக்கிறது.

கடைசியாகப் பார்க்க வேண்டியிருந்தவர் ஒரு விசைப்படகு டிரைவர். ஐஸ் கம்பெனியில் இருப்பதாக அவர் மனைவி சொன்னார். போய்ப் பார்த்தால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் பார் இழுத்துக்கொண்டிருந்தார்.

“கடலுக்குப் போகலையாண்ணே?”

“எறக்கி விட்டுட்டாங்கம்மா” என்றார். குரலில் கோபம் இல்லை. “எஞ்சின்ல டொக்கு டொக்குன்னு ஒரு தட்டல் கேட்டுச்சு. நீங்கதான் சொன்னீங்களே, காது இப்புடி ஆனா உள்ளுக்குள்ள இல்லாத சத்தமெல்லாம் கேக்கும், பயப்படாதீங்கன்னு. அதுதாம்போலன்னு ஓட்டிக்கிட்டே போயிட்டேன். எஞ்சின் இறுகி நின்னுபோச்சு. இன்னொரு போட்டுதான் கட்டி இழுத்துட்டு வந்துச்சு. எஞ்சின் சத்தம் தெரியாதவன் என்ன டிரைவருன்னுட்டாரு ஓனரு.”

நான் சொன்னதுதான். அக்கறையாக, பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னேன். அப்போது என்னைப் பற்றி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

என் தப்பை அவரிடம் முழுசாகச் சொன்னேன். அவர் ஐஸ் பாரை ஓரமாகத் தள்ளிவிட்டு வந்தார். ஐஸ் உடைக்கும் இரைச்சலில் சோதிக்க முடியாது என்பதால் அவர் வீட்டுக்கே போனோம். உள் அறையில் ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, இந்த முறை அளந்து கொண்டுவந்திருந்த ஹெட்போனை மாட்டிவிட்டேன். மத்தியானம், தெரு அடங்கியிருந்தது. ரொம்பக் கீச்சென்ற ஒன்றிரண்டைத் தவிர எல்லா ஒலிக்கும் கையைத் தூக்கினார். அவர் வயதில் அதெல்லாம் ஒரு குறையே இல்லை.

“காதுல ஒண்ணுமில்லண்ணே. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு. தப்பு என்னோடது. நானே வந்து ஓனர்கிட்ட சொல்றேன், எழுதியும் தாரேன்.”

“அவரு வேற ஆளு போட்டுட்டாரும்மா.”

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கதவைத் திறந்துகொண்டு மனைவி எட்டிப் பார்த்தார். டிரைவர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்.

“அந்தத் தட்டல் நெசமாவே எஞ்சின்லதான் இருந்திருக்கு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நாந்தான் நம்பல.”