வாண்டிப் பெரியவருக்கு இரண்டு முழுக்கு

கெனெமா நகருக்கு வந்து பதினோரு மாதம் ஆகியும் எபோ குவான்சா ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. கானாவின் சால்ட்பாண்டிலிருந்து மார்மன் சபை அவனை இரண்டு வருட ஊழியத்துக்கு இங்கே அனுப்பியிருந்தது. வயது இருபது. சட்டைப்பையில் குத்திய கறுப்பு அட்டையில் மட்டும் 'மூப்பர் குவான்சா'.

ஆறரைக்கு எழுந்து, படித்து, ஜெபித்து, பத்து மணிக்குச் செம்மண் தெருவில் இறங்கினால் பொழுது சாயும்வரை நடைதான். கூடவே ஜிம்பாப்வேக்காரன் சிகோசி. ஒருவர் கண்ணைவிட்டு ஒருவர் மறையக் கூடாது என்பது சபைச் சட்டம். கழிப்பறைக்கு மட்டும் விலக்கு. முக்கில் நிற்கும் மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்களுக்கு இது போதாதா?

"என்ன பாஸ்டருங்களா, ஒட்டிக்கிட்டே திரியிறீங்க. கல்யாணச் சோறு எப்போ?"

சிகோசி பல்லைக் கடிப்பான். எபோ சிரித்துவைப்பான், சிரிப்பும் ஊழியத்தில் சேர்த்திதான்.

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள், வீட்டோடு பேசும் நாள். அப்பா போன் திரை முழுக்க முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்: "உன்கூடப் போன மென்சா மகன் ஒன்பது பேருக்குக் கொடுத்துட்டானாம். உன்னை என்ன ஊர் சுத்திப் பாக்கவா அனுப்பிச்சோம்?"

அப்படிப்பட்ட நேரத்தில் கிடைத்தவர்தான் வாண்டி லகாய். மரம் அறுக்கும் பட்டறைக்காரர். ஞானஸ்நானத்துக்கு முந்தைய பாடங்களுக்கு ஒன்றுவிடாமல் உட்கார்ந்தார். மூத்தவள் ஜெனபா, இளையவள் பிந்து என்று இரண்டு மனைவிகள். மரவள்ளிக்கீரைக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைப்பது பிந்துதான். மூன்றாம் பாடத்தில் எபோ சொன்னான்:

"பெரியவரே, எங்க சபையில ஒருத்தியோடதான் வாழணும். முதல்ல கட்டினவங்க இருக்கலாம். இன்னொருத்தரப் பிரிஞ்சாத்தான் ஞானஸ்நானம்."

வழக்கமாக இந்த இடத்தில்தான் ஆண்கள் செருப்பைத் தேடுவார்கள். வாண்டி தேடவில்லை.

"இதக் கடவுளே சொல்லிட்டாரா?"

"ஆமா."

"ஊர்த்தலைவர் கேட்டா நீயே சொல்லுவியா?"

"எங்க வேணும்னாலும் சொல்லுவேன்."

வீடு திரும்பும் வழியெல்லாம் எபோவுக்குக் கண் கலங்கியது. இப்படியும் ஒரு விசுவாசமா! பிந்துவைப் பிரிந்துவிட்டதாக வாண்டி எழுதிக் கொடுத்ததும் மேலிடத்து அனுமதியும் வந்துசேர்ந்தது.

சனிக்கிழமை முழுக்கு. கோடைக்காலம், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விடியும் முன்னிருந்தே இருவரும் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து, சபைக்கட்டடத்தின் பின்னாலிருந்த தொட்டியை இடுப்பளவுக்கு நிரப்பினார்கள். எபோ வெள்ளை உடை மாற்றிக்கொண்டு வந்தபோது கம்பிவேலிக்கு வெளியே பிந்து நின்றாள்.

"தம்பி, ரெண்டு வருஷமா அவரு என்னத் தொரத்தப் பாக்குறாரு. அவ என்ன தப்பு செஞ்சான்னு என் அண்ணன்மாரு கேட்டாங்க. சொல்ல அவர்கிட்ட ஒண்ணும் இல்ல. இப்ப உன்னைக் காட்டுறாரு. திங்கக்கிழமை ஊர்த்தலைவர் முன்னாடி பேச்சு. அதுக்குள்ள அவரு முழுகிட்டா, கடவுள் கட்டளைன்னு சொல்லி முடிச்சுருவாரு. வீடு போகும், கடலைக்கொல்லை போகும். புள்ளைங்க மூணும் அப்பன் பக்கம்தான், எங்க வழக்கம் அது. ஒரு வாரம் தள்ளிப்போடு. வேற ஒண்ணும் வேணாம்."

எபோ சிகோசியைப் பார்த்தான்.

"தள்ளலாம்," என்றான் சிகோசி. "நீ சரின்னா இப்பவே மேல பேசுறேன்."

எபோ தொட்டியைப் பார்த்தான். தோள் எரிந்தது. உள்ளிருந்த பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போடும் சத்தம் கேட்டது. நாளை மறுநாள் திங்கள், அப்பா கூப்பிடுவார்.

"குடும்ப வழக்குல நாங்க தலையிட முடியாதும்மா."

"தலையிட மாட்டியா? அப்ப ரெண்டு மாசமா என் வீட்டுல உக்காந்து என்ன செஞ்ச? சோறு மட்டுமா தின்ன?"

எபோ தொட்டிக்குள் இறங்கினான். கூட்டம் வந்தது, ஜெனபா முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். வாண்டி வெள்ளை உடையில் படியிறங்கினார். எபோ வலக்கையை உயர்த்தி ஜெபத்தைச் சொல்லி, அவரைப் பின்னால் சாய்த்து முக்கினான். கனத்த உடம்பு, தலை உள்ளே போனதும் வலக்கால் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

ஒரு மயிர்கூடத் தண்ணீருக்கு மேலே நிற்கக் கூடாது. சாட்சிகள் இரண்டு பேரில் ஒருவன் சிகோசி. அவன் கையைத் தூக்கினான். "கால் மேல வந்துருச்சு. செல்லாது."

வேலியோரம் பிந்து சத்தமாகச் சிரித்தாள். "பாத்தியா தம்பி, அந்தாளத் தண்ணியே துப்புது!"

சிகோசி தொட்டி விளிம்பில் குனிந்தான். "குவான்சா, பெரியவருக்கு மூச்சு வாங்குது, அடுத்த வாரம்னு சொல்லிரு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எபோ நிமிர்ந்தான். பிந்துவின் சிரிப்பு நின்றிருந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மறுபடியும் வலக்கையை உயர்த்தினான். ஜெபத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னான். இந்த முறை தன் காலால் வாண்டியின் பாதத்தை மிதித்துக்கொண்டான். தேவைக்கு மேலும் ஒரு கணம் அழுத்தியே வைத்திருந்தான். பெரியவர் திமிறிக்கொண்டு எழுந்தார்.

மற்ற சாட்சி தலையசைத்தார். சற்றுப் பொறுத்து சிகோசியும் அசைத்தான். பாட்டு தொடங்கியது.

வாண்டி முகத்தைக்கூடத் துடைக்காமல் வேலிக்குப் போனார். "பாத்தல்ல? வீட்டுச் சாவிய மூத்தவகிட்டக் குடுத்துட்டுக் கிளம்பு."

"திங்கக்கிழமைதானே பேச்சு?"

"இனிமே என்னடி பேச்சு?"

பிந்து துணி முந்தியில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தாள். அவரிடம் தரவில்லை. கம்பிக்குள் கையை விட்டு, தொட்டியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த எபோ பக்கம் நீட்டினாள்.

"நீயே குடு, தம்பி. ஆரம்பிச்சது நீதானே."

எபோ வாங்கிக்கொண்டான். உடையிலிருந்து நீர் சொட்ட, பாடிக்கொண்டிருந்தவர்களைக் கடந்து முன்பெஞ்சுவரை நடந்தான். ஜெனபா பாட்டை நிறுத்தாமலே கையை நீட்டினாள்.