சூசையின் ஓட்டோவும் நான் மாற்றிய ஒயிலும்

சோற்றைப் பிசையும்போதும் விரலில் ஒயில் மணக்கும். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினாலும் போகாது. ஐந்து மாதம் அந்த மணத்தோடுதான் சாப்பிட்டேன்...

அப்போது கீரி என்ற கடற்கரை ஊரில் இருந்தோம். என் கணவர் சூசைக்கு ஓட்டோதான் தொழில். காலையில் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் டவுன் பள்ளிக்கூடத்தில் விடுவார், மத்தியானம் திருப்பிக் கூட்டி வருவார். சேர்விஸ் எல்லாம் தன் கையால்தான். வேறு யாரையும் அந்த ஓட்டோவைத் தொட விடமாட்டார்.

தன் தமையனின் வள்ளத்தைக் கரைக்கு இழுக்கப் போன இடத்தில் அவருடைய கால் அதற்கு அடியில் அகப்பட்டு முறிந்தது. தொடை வரைக்கும் பிளாஸ்டர். என்னிடம் லைசன்ஸ் இருந்தது. பிள்ளைகளை நான் ஏற்றத் தொடங்கினேன்.

இரண்டாம் கிழமை, உப்புக்குளத்துக்குக் கிட்ட வரும்போது கியர் இறுகிவிட்டது. எவ்வளவு திருகியும் மாறவில்லை. நல்லகாலம், பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தேன். ஒரே கியரில் உறுமிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

"ஒயில் மாத்திற நேரம் பிந்திப்போச்சு. நான் விட்ட பிழை," என்றார் சூசை.

என்ஜினுக்கும் கியருக்கும் அதில் ஒரே ஒயில்தான். அன்றைக்கே மாற்றச் சொன்னார். அவர் முற்றத்தில் கதிரையில், நான் ஓட்டோவுக்கு அடியில் மணலில். நட்டைக் கழற்றியதும் சூடான கறுப்பு ஒயில் கையில் ஊற்றியது. கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். பில்டர் வலையில் இரும்புத் தூள் மினுங்கியது. பெற்றோலில் கழுவிப் பூட்டி, புது ஒயில் விட்டு, ஸ்டார்ட் பண்ணினேன்...

பில்டர் மூடியால் ஒயில் வழிந்தது. ரப்பர் வளையத்தைச் சரியாக வைக்கவில்லை.

"நிப்பாட்டும்! ஒரு வேலை ஒழுங்காச் செய்யத் தெரியாதே?"

கல்யாணம் கட்டி ஒன்பது வருசத்தில் அவர் என்னை அப்படி ஏசியதில்லை. திரும்பிப் பார்த்தேன். துவாயால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். தோள் குலுங்கியது. அந்தக் கோபம் என்மேல் இல்லை என்று விளங்கிவிட்டது. மூடியை மறுபடி கழற்றினேன்.

அடுத்த முறை மாற்றும்போது எனக்கு எல்லாம் அத்துப்படி. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் அவரைக் கூப்பிட்டேன். நட்டு இவ்வளவு இறுக்கினால் போதுமா என்று கேட்டேன். பழைய ஒயிலை அவர் விரலில் தடவிவிட்டேன். தேய்த்துப் பார்த்து, இன்னும் ஒரு கிழமை ஓடியிருக்கலாம் என்றார். பில்டர் வலையையும் பழைய பல்லுத் தூரிகையையும் அவர் மடியில் வைத்தேன். அரை மணித்தியாலம் தேய்த்தார். முறிந்த காலைப் பற்றிய பேச்சே வரவில்லை.

மூன்றாம் முறை, தேய்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"உமக்கு எல்லாம் தெரியுந்தானே. பிறகேன் என்னைக் கேக்கிறீர்?"

"நீங்கள் பக்கத்தில இருந்து சொன்னா எனக்குப் பயமில்லை," என்றேன்.

அது பொய்யுமில்லை. நான் பிழைவிட்டால் மறுநாள் நடுவழியில் நிற்கப்போவது யாரோ பெற்ற பிள்ளைகள்.

அவர் வலையை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு என் கையில் தந்தார். அதன் பிறகு கோயில், பிள்ளைகள், நானாட்டானில் இருக்கும் என் தங்கச்சி என்று பின்னேரம் வரைக்கும் கதைத்தோம்...

கால் சுகமாகிவிட்டது. நடையில் சின்னதாக ஒரு இழுப்பு மட்டும். இப்போது புது ஓட்டோ. சேர்விஸ் சென்ரரில் விட்டால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்தச் சூடும் பயமும் எனக்கு இனி வேண்டாம்.

போன சனிக்கிழமை அங்கே போனோம். குளிரூட்டிய அறை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேரும். அவர் தன் போனைப் பார்த்தார், நான் என்னுடையதைப் பார்த்தேன்.

வேலை முடிந்ததென்று பெடியன் வந்து கூப்பிடும் வரைக்கும் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.