ஸ்கேல் அண்ணன் போட்ட எட்டாம் நம்பர்

செருப்புக் கடைக்கு வருகிறவர்களின் முகத்தை அவர் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் கால். ஆள் வாசலைத் தாண்டும்போதே, "ஏழு. வலது கால் மட்டும் அரை நம்பர் கூட," என்று முணுமுணுப்பார். போட்டுப் பார்த்தால் அச்சாகப் பொருந்தும். இருபத்திரண்டு வருடமாக அளவுப் பலகையைத் தொடாமலே விற்கிறவர் என்பதால் கடையில் அவருக்கு ஸ்கேல் அண்ணன் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஆனால் அவருடைய ஷூவுக்குள் நடந்த கூத்து யாருக்கும் தெரியாது. சர்க்கரை வந்து ஒன்பது வருடம். பாதம் ஒரு நேரம் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரியும், ஒரு நேரம் ஊசி குத்தும், ஒரு நேரம் கால் இருக்கிறதா என்றே தெரியாது. எரிச்சல் தாங்காதபோது கடையின் பின்கட்டுக்குப் போய், ஷூவைக் கழற்றிவிட்டு, சில்லென்ற சிமெண்டுத் தரையில் பாதத்தை வைத்துக்கொள்வார். யாராவது வந்தால் பெட்டி தேடுகிற பாவனை. ஒருநாள் முதலாளியம்மாவே வந்து நின்றார்.

"இன்னொரு தடவ நீங்க நொண்டுறதப் பாத்தா மாடிக்கு அனுப்பிடுவேன். உக்காந்து ஸ்டாக் எழுதுங்க," என்றார்.

அவருக்கோ மாடி என்றாலே ஆகாது. மாடியில் பெட்டிகள்தான் இருக்கும், கால்கள் இருக்காது. புது ஷூ போட்ட பிள்ளைகள் கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் நடந்து பார்ப்பதைக் காணாமல் ஒரு நாளை எப்படி ஓட்டுவது? அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தார்.

அப்படி நடந்ததன் பலன், சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு புண். அது அவருக்கு வலிக்கவே இல்லை. காலுறை துவைக்கும்போது ரத்தக் கறையைப் பார்த்த மனைவி, கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நர்ஸ் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டார். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். நம் ஆள் லேசுப்பட்டவரா? நர்ஸின் நாற்காலி கிறீச்சிடும்போதெல்லாம் "ஆமா" போட்டார்.

"இப்ப நான் தொடவே இல்லையே," என்றார் நர்ஸ்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். புண் ஆறாவிட்டால் நிற்கிற வேலையை விட வேண்டியதுதான் என்று சொன்ன நர்ஸ், ஷூ இறுக்கமோ என்று கேட்டார்.

"நான் செருப்புக் கடைக்காரன்மா," என்றார் இவர். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்கிற தோரணை.

மறுநாள் காலை, வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே மனைவியும் கடைக்கு வந்துவிட்டாள். அளவுப் பலகையை எடுத்துத் தூசி தட்டித் தரையில் வைத்தாள்.

"ஏறி நில்லுங்க."

"நானா?"

"பின்ன, புண்ணு எனக்கா வந்திருக்கு?"

நின்றார். ஒன்பது. மனைவி அவருடைய ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தாள். எட்டு. கடைப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள், பில் போடுகிற பெண்ணும் வந்துவிட்டாள்.

"எட்டு போட்டாத்தான் கால்ல ஏதோ இருக்குன்னு தெரியுது. ஒன்பது கழண்டு விழுற மாதிரி இருக்கு," என்று இழுத்தார்.

"கால் மரத்துப் போச்சு. இறுக்கிப் பிடிச்சாத்தானே தெரியும்? ஊருக்கெல்லாம் கண்ணாலயே அளவு சொல்லிட்டு, சொந்தக் கால இடுக்கியில மாட்டி வச்சிருக்கீங்க."

பில் போடுகிற பெண்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் கடையே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. மானம் போனது போனதுதான். ஆனால் அப்பாடா என்றிருந்தது. எரிச்சலுக்குத் தீர்வு இல்லை, இதற்காவது இருக்கிறதே.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் முதலாளியம்மா உள்ளே வந்தார். எல்லாரும் கலைந்து ஓடினார்கள். ஒற்றைக் காலில் ஷூவோடு நின்ற அவர், சொல்ல வேண்டியதைத் தாமே சொல்லிவிட்டார்.

"கால்ல புண்ணும்மா. நான் மாடிக்கே போயிடுறேன்."

முதலாளியம்மா மெதுவாக வந்து வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் மூணு வருஷமா சர்க்கரை இருக்கு. வெளிய சொல்லல. எதப் போட்டாலும் தொளதொளன்னு இருக்கேன்னு ஆறுதான் போடுறேன்."

செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். விரல்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இத்தனை வருடமாக எல்லார் காலையும் பார்த்தவர், சம்பளம் கொடுக்கிறவரின் காலை மட்டும் மரியாதைக்காகப் பார்க்காமலே இருந்துவிட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"ஏழும்மா."

"ஏழுல கறுப்பு எடுங்க. புண்ணு ஆறுற வரைக்கும் இப்படியே ஸ்டூல்ல உக்காந்து வியாபாரத்தப் பாருங்க. மாடிக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்."

மாடி இல்லை என்ற சந்தோஷத்தில், பெட்டியை எடுக்க எழுந்திருக்கத்தான் அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.