அம்மாவின் விரதமும் மருந்தை இறைக்கும் கலங்களும்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்பதும், முதல் மருந்து கைவிட்டுவிட்டது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஏன் கைவிட்டது என்று மாமி சொன்னதை மட்டுந்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு விளங்கிய அளவில் நான் எழுதுகிறேன்.

கீமோ ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில்தான் கந்தசஷ்டி வந்தது. அம்மா ஒரு வருடமும் அந்த விரதத்தை விட்டவரில்லை. இந்தமுறை வேண்டாம் என்றேன். ஓம் என்று தலையாட்டிவிட்டு, நான் தோட்டத்துக்குப் போனதும் காய்ச்சி வைத்த கஞ்சியை மாட்டுக்கு ஊற்றியிருக்கிறார். பொழுதுபட்டபின் பாலும் பழமும் மட்டும். சூரன்போர் முடிந்து, விரதத்தை முடிக்கும் பாறணைச் சமையலுக்கு அடுப்பு மூட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு எடுத்த ஸ்கானில், சுருங்கியிருந்த கட்டி திரும்ப வளர்ந்திருந்தது. என் அக்கா, உங்கள் மாமி, படலையைத் திறக்கும்போதே தொடங்கிவிட்டார்.

"விரதம் எண்டு வயித்தைக் காயப்போட்டு, ஏத்தின மருந்தெல்லாத்தையும் வீணாக்கிப்போட்டாளடா!"

உள்ளே படுத்திருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. டொக்டர் வேறொரு மருந்து தொடங்கலாம் என்று சொல்லியிருந்தும் அவர் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார்.

"நான் பழுதாக்கினது போதும். புது மருந்தை வேறை ஆருக்கும் ஏத்தட்டும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குச் சண்டை பிடிக்கவும் தெம்பில்லை. அடுத்த கிளினிக்குக்கு நான் மட்டும் பஸ் ஏறினேன். காத்திருக்கிற வாங்கில் உட்கார்ந்தபடியே நித்திரையாகிவிட்டேன். பெயர் கூப்பிட்டது எனக்குக் கேட்காததால் பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பினார். டொக்டரிடம் விரதத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டேன்.

"உடம்பு களைச்சுப்போகும், இனிப் பிடிக்கவேண்டாம்" என்றார் டொக்டர். அந்தப் பெண்ணுக்கு எங்கள் மூத்தவளின் வயதுதான் இருக்கும். "ஆனால் கட்டி திரும்ப வளந்ததுக்கு அது காரணமில்லை ஐயா. கட்டியிலை எல்லாக் கலமும் ஒரே மாதிரி இல்லை. கொஞ்சத்தை ஸ்டெம் செல் எண்டு சொல்லுறது, குருத்துக் கலம். அதுகளிலை சில புரதங்கள் கூடுதலா இருக்கும். மருந்து உள்ளுக்கை வர வர அந்தப் புரதம் வெளியாலை தள்ளிப்போடும்."

"கிணத்திலை மோட்டர் போட்டு இறைக்கிற மாதிரியோ?"

"ஓம், அப்பிடித்தான். மற்றக் கலங்கள் சாகும். உதுகள் படுத்துக் கிடந்து பிறகு பெருகும்."

"அந்த மோட்டரை நிப்பாட்ட ஒண்டும் இல்லையோ?"

"தேடிக்கொண்டுதான் இருக்கினம். எங்கடை கைக்கு இன்னும் வரேல்லை ஐயா."

வீட்டுக்கு வந்து கட்டிலின் விளிம்பில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களுக்கு எல்லாம் தோட்டமும் கிணறுந்தான்" என்றார் அம்மா. பிறகு, "அப்ப என்ரை பிழையில்லை?"

"இல்லை. உம்மடை விரதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அழுதார். தன் பிழை என்றால் இனி அந்தப் பிழையைச் செய்யாமல் இருக்கலாம். அந்தப் புரதத்தை அவர் என்ன செய்ய முடியும்? அவரின் காலைப் பிடித்துவிட்டபடி இருந்தேன்.

"புது மருந்தையும் அது இறைச்சுப்போடுமோ?"

"போட்டுப் பாத்தால்தான் தெரியும் எண்டவ டொக்டர்."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப போட்டுப் பாப்பம். ஆனால் இஞ்சருங்கோ, மச்சாளுக்கு நீங்கள்தான் சொல்லவேணும். எனக்கு அவவோடை கதைக்க ஏலாது."

அப்போதே அக்காவுக்குப் போன் எடுத்தேன். கலம், புரதம், மோட்டர் எல்லாம் சொன்னேன்.

"எனக்கென்னடா உதுகள் தெரியும்" என்றார். "ஊசிக்குக் கொண்டுபோற அண்டைக்குச் சொல்லு. நானும் வாறன்."

அம்மாவிடம் சொன்னேன்.

"வரட்டும்" என்றார். "வாயை மூடிக்கொண்டு வரட்டும்."