மேலே நின்ற பட்டை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘இன்னொருதடவை அக்கா’ என்று பெயர். யார் எந்த முடிவோடு துள்ளிக்கொண்டு வந்தாலும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு. இன்னொரு தடவை ஓட்டு” என்பாள். ஒருமுறை வந்ததை அவள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பிரசவ வார்டில் பிள்ளையைக் காட்டினாலும் இதையேதான் சொல்லுவாள் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள்.

டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஓரிடத்தில் வந்து ஒட்டும் புரதத்தைப் பிடிப்பது அவள் வேலை. ஒளிரும் சாயம் ஏற்றிய சின்ன டிஎன்ஏ துண்டை ரத்த அணுக்களின் சாறோடு கலப்பாள். ஜெல் என்னும் கூழ்ப்பலகையின் மேல்முனையில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவாள். வெறும் துண்டு விறுவிறுவென்று கீழே ஓடிவிடும். புரதம் ஒட்டிய துண்டு, இடுப்பில் பிள்ளையோடு நடப்பவளைப் போலப் பின்தங்கி, மேலே தனிப் பட்டையாக நிற்கும்.

கொஞ்ச காலமாக அவள் ஓட்டியது சொந்தத் தம்பியின் ரத்தத்தை. ரத்தமே ஊறாத அபூர்வ நோய் அவனுக்கு. அவனுடைய ஒரே மகனையும் அதுதான் கொண்டுபோனது. அவர்கள் டிஎன்ஏவில் ஒரு மரபணுவுக்கு முன்னால் ஓரெழுத்து மாறியிருந்தது. அந்த இடத்தில் ஏதோ ஒரு புரதம் உட்கார்ந்து மரபணுவை மூடிவிடுகிறது என்பது ஆய்வுக்கூடத்துப் பேராசிரியரின் ஊகம். அந்த நோயுள்ள வேறு யாரும் கிடைக்கவில்லை.

“மருந்தெல்லாம் வேணாங்க்கா. என் புள்ளய எது கொண்டுபோச்சுன்னு மட்டும் சொல்லு. அது தெரியாம நான் போகக் கூடாது” என்பான் தம்பி.

எழுத்து மாறிய துண்டைக் கலந்து ஓட்டியபோது, ஒருநாள் மேலே பளிச்சென்று ஒரு பட்டை. உடனே போனை எடுத்தாள். “கெடச்சிருச்சுடா!” மறுமுனையில் அவன் விம்மி விம்மி அழுதான். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், தன் வீட்டுக் காரியத்தில் பதறிவிட்டாள்.

பிறகுதான் சரிபார்த்தாள். அதே துண்டின் இரு முனைகளையும் இணைத்து, வளையமாக்கி ஓட்டினாள். பட்டையைக் காணோம். அவள் பிடித்தது, எந்த டிஎன்ஏவாக இருந்தாலும் வெட்டுப்பட்ட முனையைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் புரதம். சந்தையில் கண்டவர் தோளிலெல்லாம் கை போடுகிற ஆசாமி. பிள்ளையின் சாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து, மென்று விழுங்கிச் சொன்னாள். “அவசரப்பட்டுட்டேன்டா. அது இல்ல.”

இனி அவன் உடம்பிலிருந்து ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“ஏற்கெனவே எடுத்தது மிச்சம் இருக்கா?” என்று கேட்டான் அவன்.

“ஒரே ஒரு குழாய் இருக்கு.”

“அப்பறமென்ன? இன்னொரு தடவை ஓட்டு” என்று சிரித்தான். அவள் பட்டப்பெயர் அவனுக்கும் தெரியும். அந்த வாரமே போய்விட்டான்.

உறைபெட்டியில் ‘தம்பி’ என்று அவள் கையால் எழுதிய குழாய் கிடந்தது. அதைத் தொடவே அவளுக்கு மனம் வரவில்லை. அது உருகிவிட்டால் அவனில் மிச்சம் எதுவும் இருக்காது. ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே. ஒரு காலையில் எடுத்து ஐஸில் வைத்தாள்.

இந்தமுறை ஆற அமரச் செய்தாள். முனையைப் பிடிக்கும் ஆசாமி அதிலேயே மாய்ந்து கிடக்கட்டும் என்று வேறு டிஎன்ஏ துண்டுகளை ஏராளமாகக் கொட்டினாள். மேலே மங்கலாக ஒரு பட்டை நின்றது. சாயமில்லாத அதே துண்டைப் போட்டியாகச் சேர்த்த வரிசையில், புரதம் அதன் பக்கம் போய்விட, பட்டை மறைந்தது. எழுத்து மாறாத துண்டைச் சேர்த்த வரிசையில் அசையாமல் நின்றது. மாறிய அந்த எழுத்தைத் தேடிவந்த புரதம் அதுவேதான்.

பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. “இதேதாம்மா! இன்னொரு தடவை ஓட்டிட்டா உலகத்துக்கே சொல்லிடலாம்.”

அவள் காலிக் குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

“இன்னொரு தடவைக்கு அவன் இல்ல சார்” என்றாள்.