ஒனிஹங்காவில் உண்மையாகக் காய்ச்சுகிறார்களா?

அழகான போத்தல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அந்தப் போத்தல் மிகவும் அழகாக இருந்தது. அடி கனமானது, கழுத்து குட்டை, மூடிக்கு மேல் கறுப்பு மெழுகு. லேபலின் ஓரம் கையால் கிழித்ததுபோல் இருந்தது. இயந்திரம்தான் அப்படிக் கிழித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ரை விஸ்கி, ஒனிஹங்கா, ஒக்லாந்து என்று அச்சிட்டிருந்தார்கள்.

என் மனைவியின் தம்பி ஒக்லாந்திலேயே பக்குரங்காவில் இருக்கிறான். தன் மகளின் பிறந்தநாளன்று அதைக் கராஜ் மேசையின் நடுவில் கொண்டுவந்து வைத்தான். கேக்கும் பெண்களும் பிள்ளைகளும் வீட்டுக்குள். மடக்குக் கதிரைகளும் ஆண்களும் பொரித்த இறாலும் கராஜுக்குள். எங்கள் ஆட்களின் எந்த வீட்டு விழாவுக்குப் போனாலும் ஏற்பாடு இதுதான்.

"எத்தினை வருசம்?" என்று ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். கராஜில் விஸ்கிக்கு மதிப்பு வயதால்தான். பன்னிரண்டு என்றால் மரியாதை, பதினெட்டு என்றால் போத்தலைப் படம் பிடிப்பார்கள். இதில் எண்ணே இல்லை.

"வருசம் போடேல்லை அண்ணை. குடிச்சுப் பாருங்கோ."

"கலியாணப் பேச்சில வயசை மறைக்கிற மாதிரி இருக்கு."

இன்னொருவர் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் குமிழி பார்த்தார். "கசிப்புக்குக் கோட்டுச் சூட்டுப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்" என்றார். ஊரில் பொலிசுக்கு ஒளித்துக் காய்ச்சுவதைத்தான் கசிப்பு என்போம். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சென்னைக்காரர் மட்டும் நியாயமாகப் பேசினார். "சரக்கு நல்லாத்தான் இருக்கு பிரதர். கொஞ்சம் கோக் ஊத்தினா இன்னும் நல்லா இருக்கும்." மச்சான் கோக் போத்தலை எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்தான்.

நான் தண்ணீர் விடாமல் ஒரு வாய் எடுத்தேன். ரை கோதுமைக்கு உறவான தானியம்; குளிர் நாடுகளில் அதில் கறுப்புப் பாண் சுடுவார்கள். முதலில் அந்தப் பாணின் கருகிய ஓரம் தெரிந்தது. பிறகு மிளகு, கராம்பு. ஸ்கொச் விஸ்கியில் நான் பழகிய தேன் தன்மை இதில் இல்லை. இனிப்பாகத் தொடங்கி, விழுங்கும்போது இனிப்பை மறுத்துவிடுகிறது. போன பின்னும் தொண்டையில் வேப்பிலைபோல் ஒரு குளிர் கைப்பு நின்றது. இன்னொரு வாய் எடுக்கச் சொன்னது அந்தக் கைப்புத்தான்.

நன்றாக இருந்ததே எனக்கு உறுத்தியது. சின்னச் சின்ன வடிசாலைகள் சில, பெரிய ஆலைகளில் பீப்பாய்க் கணக்கில் விஸ்கி வாங்கித் தங்கள் லேபலை ஒட்டி விற்பதை நான் வாசித்திருக்கிறேன். மச்சான் சொன்னபடி ஒனிஹங்காவில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இருக்கும் இரண்டு பேர், எண்ணெய்ச் சீலை துவைத்ததுபோல் ஏதாவது வடித்திருந்தால் நம்பியிருப்பேன்.

விஸ்கி கெட்டால் ஊற்றிவிடலாம். ஆனால் மச்சான் அந்தக் கொட்டகையில் பங்காளியாகச் சேர விரும்பினான். கணினித் துறையில் நிரந்தர வேலை, வீட்டுக்கு மோர்ட்கேஜ், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அவனுடைய மனைவி அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். "அத்தான் பாத்திட்டு ஓம் எண்டால் வேலையை விடுங்கோ." கொழும்பில் ஒரு நாளிதழில் நான் செய்தி திருத்தியவன். குடும்பத்தில் எதையும் நம்பாத ஆள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் அவள் என்னைக் கேட்டாள். என் மனைவியும் சொன்னாள், "வடிவாப் பாருங்கோ. அவன் சின்னனில இருந்தே வாயால கெட்டவன் இல்லை, ஆசையால கெட்டவன்."

சனிக்கிழமை, சுவை பார்க்க வருபவர்களுக்குக் கதவு திறக்கும் நேரத்தில், மச்சான் என்னை அழைத்துப்போனான். முதலாளி தாடி வைத்த வெள்ளைக்காரர், நன்றாகக் கதைத்தார். தானியம் தெற்கே ஒரு பண்ணையிலிருந்து வருகிறதாம். காய்ச்சிய சக்கையைப் புக்கெகோஹியில் மாடு வளர்க்கும் ஒருவர் ஏற்றிப்போகிறாராம். வடிக்கும்போது முதலில் வரும் தலையையும் கடைசியில் வரும் வாலையும் வெட்டி, நடுவை மட்டும் பீப்பாயில் இடுகிறார்களாம். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

நான் செம்புக் கொதிகலனைப் பார்த்தேன். திருவிழாவுக்கு விளக்கிய குத்துவிளக்குப்போல மின்னியது. நிலம் காய்ந்திருந்தது. வடிகாலில் ஒரு மணி தானியம் இல்லை. மூக்குக்கு எட்டியது எலுமிச்சை வாசமுள்ள துப்புரவு மருந்து மட்டும். சமைக்கும் வீட்டில் சமைத்த வாசம் இருக்கவேண்டும்.

"என்ன அத்தான், பிடிச்சுதோ?" என்று காரில் கேட்டான்.

"நல்ல சுத்தம்" என்றேன். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அழைத்த நாளில் பார்த்ததை மட்டும் வைத்துச் செய்தி எழுதக்கூடாது என்று பழைய ஆசிரியர் ஒருவர் எங்களை ஏசுவார். அதனால் செவ்வாய்க்கிழமை, எனக்கு ஓய்வு நாள், யாருக்கும் அறிவிக்காமல் போனேன். மச்சானுக்கும் சொல்லவில்லை, அவன் அந்த நேரம் நகரத்தில் அலுவலகத்தில் இருப்பான். மனைவிக்கு மட்டும் சொன்னேன்.

காரை விட்டு இறங்கும்போதே வாசம் வந்தது. புளித்த மா, வெந்த பாண், இலேசாக அழுகிய பழம். பின்பக்கக் கதவு திறந்திருந்தது. வெளியே தொட்டிகளில் சக்கை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நிலம் முழுக்க ஈரம், கொதிகலனுக்குக் கீழே ஒரு குழாயிலிருந்து நூல்போல் தெளிந்த சாராயம் ஒழுகியது. என் சந்தேகத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

உள்ளே தானியம் அவிக்கும் பெரிய தொட்டிக்குள் குனிந்து ஒருவன் வழித்துக்கொண்டிருந்தான். ரை லேசில் விடாது. தண்ணீரில் வெந்தால் உழுந்தங்களிபோல் இறுகிக் கரண்டியையும் ஆளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். முழங்கைவரை களி அப்பியபடி அவன் நிமிர்ந்தான். என் மச்சான்.



"லீவோ?" என்றேன்.

"இல்லை அத்தான்."

"எப்ப விட்டனி?"

"போன மாசம்."

"மனிசிக்கு?"

"தெரியாது. காலமை லப்டொப் பையோட வெளிக்கிடுறன்."

"பைக்குள்ள லப்டொப் இல்லையே."

"பூட்ஸ்" என்றான். சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அப்ப நான் என்னத்துக்குப் பாக்கவேணும்?"

"நீங்கள் ஓம் எண்ட பிறகு விட்ட மாதிரிச் சொல்லலாம் எண்டு இருந்தனான். இதில பொய் இல்லை எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் கிண்டிக் கிண்டிப் பாத்தாலும் ஓம் எண்டுதான் சொல்லுவியள்."

என் சந்தேகத்தை அவன் நன்றாகக் கணக்கில் எடுத்திருந்தான். விஸ்கியை நான் எவ்வளவு கடுமையாகச் சோதிக்கிறேனோ, அவ்வளவுக்கு அவனுக்கு வசதி. போத்தலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்த எங்களில் ஒருவரும் அதை ஊற்றியவனைப் பார்க்கவில்லை.

முதலாளி எங்கள் தமிழ் ஒன்றும் விளங்காமல், ஒழுகிக்கொண்டிருந்த குழாயிலிருந்து சிறிது பிடித்து எனக்கு நீட்டினார். கராஜில் குடித்ததைவிடக் கரடுமுரடானது. ஆனால் அதே மிளகு, அதே கருகிய ஓரம், தொண்டையில் அதே குளிர் கைப்பு. மற்றப் பாதிச் சந்தேகமும் போய்விட்டது.

அப்போது என் போன் அடித்தது. மனைவி.

"என்னப்பா, போனியளோ? உண்மையாக் காய்ச்சுறாங்களோ?"

"ஓம். உண்மையாத்தான் காய்ச்சுறாங்கள்."

"அப்ப அவன் வேலையை விடலாம் எண்டுறியளோ?"

தான் அங்கே நிற்பதைச் சொல்லவேண்டாம் என்று மச்சான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். நான் ஓம் என்றால் அவன் சொல்லப்போகும் கதைக்கு என் கையெழுத்து விழும். இல்லை என்றால் நல்ல விஸ்கியைப் பற்றிப் பொய் சொன்னவன் ஆவேன்.

"நீயே சொல்லு" என்று போனை அவனிடம் நீட்டினேன்.

அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். விரல்களிலிருந்து களி சொட்டியது. நான் கிட்டப் போய்ப் போனை அவன் காதோடு பிடித்தேன்.

"அக்கா" என்றான்.

அவளுடைய குரல் எனக்கும் கேட்டது.

"நீ என்னடா அங்க செய்யிறாய்? இண்டைக்குச் செவ்வாய்க்கிழமையெல்லோ?"